நிற்கும்போதும் வேலை செய்யும் வண்டி

வேன் வாங்க ஆசைப்படுகிறவர்கள் வேகத்தைப் பற்றியோ பளபளப்பைப் பற்றியோ அதிகம் பேசுவதில்லை. உள்ளே என்னவெல்லாம் ஏற்றலாம் என்பதில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இரண்டு சைக்கிள், ஒரு மெத்தை, தாத்தாவின் சக்கர நாற்காலி, பிள்ளைகளோடு அவர்களுடைய நண்பர்கள், வீடு மாறும் நாளில் பாதி வீடு என்று பட்டியல் நீளும். வேனின் மதிப்பு அதன் உள்ளே இருக்கும் காலியிடத்தில் இருக்கிறது. மின் வேன்களுக்கு இப்போது எழுந்திருக்கும் ஆசையைச் சுற்றுச்சூழல் அக்கறை என்றோ புதுமை மோகம் என்றோ மட்டும் விளக்கினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மின்சாரத்துக்கு மாறியதால் மிக அதிகம் பயனடைந்த வண்டி வகை வேன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரும் எஸ்யுவியும்கூட இந்த அளவுக்குப் பயனடையவில்லை.

முதல் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பெட்ரோல் அல்லது டீசல் வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், எரிபொருள் தொட்டி, புகைக்குழாய் எல்லாம் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரத்தை எஞ்சின் இயக்குவதானால் தரையின் நடுவே ஒரு மேடும் எழும்பும். மின் வண்டியில் பேட்டரி ஒரு தட்டையான பலகைபோல் இரண்டு அச்சுகளுக்கு நடுவே தரைக்கடியில் படுத்துவிடுகிறது. ஒரு பயணப்பெட்டி அளவே உள்ள மோட்டார் அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. மிச்சமெல்லாம் காலியிடம். தாழ்வான காரில் இந்தப் பேட்டரிப் பலகை ஒரு சங்கடம். தரை உயர்ந்து, பின்னிருக்கையில் உட்காருபவரின் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். வேனில் நிமிர்ந்து, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காருகிறோம். பேட்டரியின் தடிமன் அங்கே யாருக்கும் உறுத்துவதில்லை.

ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் வேனின் முதல் வடிவம் 2022இல் வெளிவந்தது. அதன் நீளம் சுமார் 4.71 மீட்டர், நடுத்தர காரின் நீளம்தான். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 3 மீட்டர் இருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் 1,121 லிட்டர் இடம் மிஞ்சுகிறது. இருக்கையை மடித்தால் அது 2,205 லிட்டர் ஆகிறது. மோட்டார் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்களுக்கு நடுவே எஞ்சின் குறுக்கிடுவதில்லை. அவை நன்றாகத் திரும்பும். வண்டி சுமார் 11 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் திரும்பிவிடும். குறுகலான தெருவில் பெரிய வண்டியைத் திருப்பப் பட்டபாடு தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

தரையின் உயரம் இன்னொரு விஷயம். விளம்பரங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வாங்கிய பிறகு தினமும் உணர்வது இதைத்தான். 2025இல் வந்த கியா பிவி5 வேனின் பயணிகள் வடிவத்தில் பக்கவாட்டுக் கதவின் படி தரையிலிருந்து 399 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சரக்கு வடிவத்தில் பின்பக்கத் தளம் 419 மில்லிமீட்டர். அதாவது முழங்காலுக்குக் கீழே. மூட்டுவலி உள்ள ஒருவர் இந்த வண்டியில் ஏறுவதைக் கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். உயரமான எஸ்யுவியில் அவர் கதவின் மேல் கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை மேலே வைத்து, உடம்பை இழுத்துத் தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் முழு எடையும் வலிக்கிற காலின்மேல் விழும். தாழ்ந்த தரையுள்ள வேனில் கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கிறது. அவர் திரும்பி நின்று முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலிக்கும் இதே நன்மைதான். தளம் தாழ்வாக இருந்தால் சாய்தளம் குட்டையாக இருந்தாலே போதும். தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது. பிவி5இல் சக்கர நாற்காலியைப் பக்கவாட்டுக் கதவு வழியாகவே ஏற்றும்படி ஒரு வடிவம் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவர் சாலைக்குள் போகாமல் நடைபாதையிலிருந்தே ஏறலாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் குடும்பம் வேனைப் பற்றி யோசிக்க இந்த ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

இந்த வடிவம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1947இல் டச்சு வணிகர் பென் பான் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போனபோது, பீட்டில் காரின் அடித்தளத்தின்மேல் ஒரு பலகையைப் பொருத்தி உதிரிபாகங்களை இங்குமங்கும் எடுத்துச் செல்வதைப் பார்த்தார். அதன்மேல் ஒரு பெட்டியை வைத்தால் என்ன என்று நோட்டில் கிறுக்கினார். ஓட்டுநர் முன்அச்சின் மேல், எஞ்சின் பின்னால், சரக்கு நடுவில். அந்தக் கிறுக்கல்தான் 1950இல் உற்பத்திக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன். தட்டையான அடித்தளம், அதன்மேல் ஒரு பெட்டி என்ற அதே எண்ணத்துக்குத்தான் இன்றைய மின் வேன் வடிவமைப்பாளர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு பெரிய மாற்றம், அன்று ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் தகடு மட்டும்தான் இருந்தது. விபத்தின் வேகத்தை வாங்கிக்கொள்ள இன்று முன்னால் ஒரு மூக்கு வேண்டும். எஞ்சின் இல்லாததால் அந்த மூக்கைக் குட்டையாக வைக்க முடிகிறது.

வேனில் மின்சாரமும் புதிதல்ல. லண்டனின் ஹாரட்ஸ் கடை 1930களில் தன் விநியோகத்துக்கென மின் வேன்களைத் தானே கட்டிக்கொண்டது. பிரிட்டனில் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போட்ட வண்டிகள் பல பத்தாண்டுகள் பேட்டரியில்தான் ஓடின. மெதுவான வண்டிகள்தாம். ஆனால் இருபது அடிக்கு ஒரு முறை நின்று கிளம்ப வேண்டிய வேலைக்கு, தூங்கும் தெருவை எழுப்பாமல் போக வேண்டிய வேலைக்கு, அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. 1972இல் ஃபோக்ஸ்வாகனே தன் வேனை மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தது. சுமார் 850 கிலோ எடையுள்ள ஈய-அமில பேட்டரி. அவ்வளவு கனத்திலும் அதில் அடங்கியது சுமார் 21 யூனிட் மின்சாரம்தான். ஒரு முறை சார்ஜ் செய்தால் நூறு கிலோமீட்டர்கூடத் தாண்டாது. இன்றைய வேனில் அதைவிடக் குறைந்த எடையில் 70, 80 யூனிட் அடங்குகிறது. வடிவமும் மோட்டாரும் அன்றே தயாராக இருந்தன. லித்தியம் பேட்டரி மலிவாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் பார்வையில் மின் வேனின் உண்மையான கவர்ச்சி அது நின்றுகொண்டிருக்கும்போது தெரிகிறது. எந்த வண்டியும் தன் வாழ்நாளின் பெரும்பகுதி நின்றுதான் கிடக்கிறது. எஞ்சின் வண்டி நின்றால் அது ஒரு தகரக் கூடு. உள்ளே குளிர் வேண்டுமானாலும் வெப்பம் வேண்டுமானாலும் எஞ்சினை ஓடவிட வேண்டும். சத்தம், அதிர்வு, எரிபொருள் வீண், மூடிய இடத்தில் நச்சுப்புகை ஆபத்து வேறு. மின் வேனில் ஏசி பேட்டரியிலேயே சத்தமில்லாமல் ஓடும். வண்டி ஓர் அறையாகிவிடுகிறது. பள்ளி விடும் நேரத்துக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் உட்கார்ந்து எழுதலாம். குழந்தைக்குப் பாலூட்டலாம், துணி மாற்றிவிடலாம். மருத்துவமனைக்கு வெளியே காத்திருக்கும்போது முதுகைச் சாய்க்கலாம்.

இரவு தங்குவதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 77 யூனிட் பேட்டரி உள்ள வேன். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரம். தூங்கும் எட்டு மணி நேரமும் ஏசி சராசரியாக ஒரு கிலோவாட் எடுத்தால் 8 யூனிட். சிறிய குளிர்பெட்டி இரவு முழுக்க ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு. காலையில் இண்டக்‌ஷன் அடுப்பில் கால் மணி நேரம் சமைத்தால் அரை யூனிட். எல்லாம் சேர்த்து 9 யூனிட்; பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு, தூரத்தில் சொன்னால் 40 கிலோமீட்டர். ஓர் இரவு முழுக்க வசதியாகத் தங்குவதற்கு இது பெரிய விலையல்ல. கடுங்குளிரிலும் கொடும் வெயிலிலும் இந்தக் கணக்கு இரட்டிப்பாகலாம். அப்போதும் காலையில் கிளம்பிப் போகப் போதுமானது மிஞ்சும்.

பேட்டரியிலிருந்து சாதாரண பிளக் வழியாக மின்சாரம் எடுக்கும் வசதி இதன் அடுத்த படி. தச்சர், மின்பணியாளர், குழாய் வேலை செய்பவர் ஆகியோருக்கு இது ஜெனரேட்டரை மிச்சப்படுத்துகிறது. ஃபோர்டு இ-டிரான்சிட் கஸ்டம் வேனில் 2.3 கிலோவாட் வரை இப்படி எடுக்கலாம். மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் துளையிடும் கருவிக்கும் போதும். இந்த வசதியின் அருமையை உலகுக்குக் காட்டியது 2011இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். பெட்ரோல் கிடைக்காமல் நிவாரணப் பணிகள் தடுமாறிய இடங்களில், மின் இணைப்பு சீரானதும் மின் கார்கள் ஓட முடிந்தது. காரிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்க வழியில்லையே என்ற குறை அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஆண்டே மிட்சுபிஷி தன் சிறிய மின் காருக்கு 1,500 வாட் தரும் இணைப்புப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருகின்றன. ஆனால் எல்லா மாடலிலும் இருக்காது. சிலவற்றில் கூடுதல் பணம் கட்ட வேண்டும். வேன் வாங்குகிறவர் வேறு எந்த அலங்காரத்தை விட்டாலும் இதை விடக்கூடாது.

ஓடும்போது கிடைக்கும் நன்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேனின் அன்றாடம் பெரும்பாலும் குறுகிய தூரம், அடிக்கடி நிறுத்தம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டாரே திரும்பப் பேட்டரிக்கு அனுப்புகிறது. கனமான வண்டியில் இப்படி மீளக் கிடைப்பதும் கணிசம். பிரேக் கட்டைகள் நீண்ட நாள் உழைக்கும். இன்றைய டீசல் வேனின் புகைவடிகட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நான்கு கிலோமீட்டர் போய் அணைத்து, மீண்டும் இரண்டு கிலோமீட்டர் போகிற வாழ்க்கையில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். மின் வேனுக்கு அந்த வாழ்க்கைதான் மிகவும் ஒத்துப்போகிறது. நெதர்லாந்தில் 2025 ஜனவரி முதல் பல நகர மையங்களில் புகைவிடும் சரக்கு வேன்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. தொழில் செய்பவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு.

பல வேலைக்கும் பயன்படும் வண்டி என்று எல்லா நிறுவனமும் சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு உண்மையில் தகுதியானது எது என்பதை இருக்கைகள் தீர்மானிக்கின்றன. மடித்தால் தட்டையாகும் இருக்கை ஒரு வகை. கழற்றி வெளியே வைக்கும் இருக்கை இன்னொரு வகை. கழற்றும் இருக்கை முழுத் தளத்தையும் தரும். ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், கழற்றியதை வைக்க வீட்டில் இடமும் வேண்டும். அடுக்குமாடியில் குடியிருக்கிறவர் அதைக் கழற்றவே மாட்டார். மடிக்கும் இருக்கை கொஞ்சம் உயரத்தைத் தின்றாலும் ஒருவரே ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். பல வேலைக்கு ஆகிற வண்டி என்றால் காலையில் ஆள் ஏற்றி, மதியம் அலமாரி ஏற்றி, மாலையில் மீண்டும் ஆள் ஏற்ற முடிய வேண்டும். அந்த மாற்றம் ஒருவரால் முடியாது என்றால் அது ஒரே வேலைக்கான வண்டிதான். கடைக்குப் போகும்போது விற்பனையாளர் மடித்துக் காட்டுவதைப் பார்த்து நிற்காமல், நாமே இருக்கையை மடித்து, கழற்றி, திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இனி குறைகள். இவற்றை மறைத்து வேன் விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் ஏமாந்து வாங்குகிறவர்தான் பிறகு மின் வண்டியே வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்வார். வேன் உயரமான பெட்டி. காற்றைக் கிழித்துக்கொண்டு போவது அதற்குக் கடினம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். நகரத்தில் நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் குடிக்கும் வேன், நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் 28 யூனிட் வரை குடிக்கலாம். 77 யூனிட் பேட்டரிக்கு முதல் கணக்கில் 385 கிலோமீட்டர், இரண்டாவது கணக்கில் 275. விரைவு சார்ஜில் பேட்டரியைப் பத்து சதவீதத்துக்கும் எண்பது சதவீதத்துக்கும் நடுவேதான் பயன்படுத்துவோம் என்பதால், நெடும்பயணத்தில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே கைக்குக் கிடைப்பது சுமார் 190 கிலோமீட்டர். ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணி நேரம் அளவில். குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு இது இயல்பான இடைவேளை. நாளுக்கு 700 கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இது இழப்பு. அவர் இன்னும் சில ஆண்டுகள் டீசலிலேயே இருப்பதுதான் நியாயம்.

பின்னால் டிரெய்லர் கட்டி இழுத்தால் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரோடு நிற்க இடமும் இருக்காது. பேட்டரியின் எடை சரக்கின் எடையிலிருந்து கழிகிறது என்பதும் தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது. ஐரோப்பாவில் சாதாரண ஓட்டுநர் உரிமத்தின் 3.5 டன் வரம்பை, மின் வேன்களுக்கு 4.25 டன்னாக உயர்த்தும் சலுகை வந்ததற்குக் காரணமே இதுதான். உள்ளே இடம் இருக்கிறதே என்று டைல்ஸ் பெட்டிகளை அடுக்கினால் இடம் நிறையும் முன்பே எடை நிறைந்துவிடும்.

பெரிய உள்ளிடத்தைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் மின்சாரம் அதிகம் செலவாகும். சரக்கு வேனில் ஓட்டுநர் பகுதிக்கும் சரக்குப் பகுதிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தால் இது கணிசமாகக் குறையும். காலி வேன் முரசுபோல் அதிர்வதையும் அது அடக்கும். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் ஒவ்வொரு கிறீச்சும் காதில் விழும் என்பதால், இந்தத் தடுப்பு எனக்கு ஆடம்பரமாகத் தோன்றவில்லை. குளிர்ப் பிரதேசத்தில் ஓட்டுகிறவர், வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் வெப்பப் பம்ப் உள்ள மாடலைத் தேர்ந்தெடுத்தால் குளிர்காலத்தில் தூரம் சரிவது குறையும்.

சார்ஜ் செய்யும் இடத்தைப் பற்றி இரண்டு சிறு விஷயங்கள். ஒன்று, வண்டியின் உயரம். நிலத்தடி வாகன நிறுத்தங்கள் பலவற்றின் வரம்பு இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கிறது. அடுக்குமாடிகளில் சார்ஜரும் அங்கேதான் இருக்கும். ஐடி பஸ், பிவி5 போன்றவற்றின் சாதாரண வடிவங்கள் இரண்டு மீட்டருக்குள் அடங்குகின்றன. உயர்ந்த கூரை வைத்த வடிவமோ மேலே கட்டிய கூடாரமோ உள்ளே போகாது. இரண்டு, சார்ஜ் வாய் எங்கே இருக்கிறது என்பது. ஐடி பஸ்ஸுக்கு வலது பின்புறம், பிவி5க்கு மூக்கில். பின்கதவு வழியாக ஏற்றி இறக்கிக்கொண்டே சார்ஜ் செய்கிறவருக்கு முன்னால் இருப்பது நல்லது. வீட்டு வாசலில் பின்னோக்கி நிறுத்திப் பழகியவருக்குப் பின்னால் இருப்பது நல்லது. தினமும் கையாளப்போகிற கேபிள் என்பதால் இதையும் பார்த்துவிடுவது உத்தமம்.

எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பதில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. அடித்தளம் ஒன்று, அதன்மேல் விரும்பிய உடலைப் பொருத்திக்கொள்ளலாம் என்ற கனவோடு வந்த புதிய நிறுவனங்கள் சில மறைந்துவிட்டன. பிரிட்டனின் அரைவல் 2024இல் நொடித்தது. அமெரிக்காவின் கனூ 2025 ஜனவரியில் திவாலானது. இரண்டும் அழகான வேன்களைக் காட்டியவை. யோசனையில் தவறில்லை, ஆயிரக்கணக்கில் தயாரித்து, உதிரிபாகம் தந்து, பழுது பார்ப்பதில்தான் பணம் கரைந்தது. வேன் பதினைந்து ஆண்டு உழைக்க வேண்டிய பொருள். பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். அந்த உத்தரவாதத்தைத் தருகிற நிறுவனம் எட்டு ஆண்டு கழித்தும் இருக்குமா என்பதும் விலைப்பட்டியலோடு சேர்த்து யோசிக்க வேண்டியது.

வண்டியின் மின்சாரத்தை வீட்டுக்கே திருப்பி அனுப்புவதில்தான் அடுத்த மாற்றத்தை எதிர்பார்க்கிறேன். நாளுக்கு 10 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு, நிறைந்த வேன் பேட்டரி ஒரு வாரம் வரை தாங்கும். மின்சாரம் இரு திசையிலும் போவதற்கான சர்வதேசத் தரநிலை 2022இல் வெளியாகிவிட்டது. அதற்கேற்ற வண்டியும், சுவரில் மாட்டும் கருவியும், மின்வாரியத்தின் அனுமதியும் ஒன்றுசேர வேண்டும். இந்த ஆண்டு வேன் வாங்குகிறவர் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: வண்டிக்குள் பிளக் எத்தனை வாட் தரும், வெளியே எடுக்கும் மின்சாரத்தால் பேட்டரி உத்தரவாதம் பாதிக்கப்படுமா, வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வசதி இந்த மாடலிலேயே இருக்கிறதா அல்லது பிறகு மென்பொருளில் வரும் என்று சொல்கிறார்களா. மூன்றாவது கேள்விக்கு ‘வரும்’ என்று பதில் வந்தால், அது இல்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.